யாழ்ப்பாண நகரமும் அதன் நூல்நிலையமும்

இலங்கைத் தீவின் வடபாகத்ததாகிய யாழ்ப்பாண நகரத்தை நேரிற் கண்டுவர வேண்டுமென்னும் அவா நமக்கு நெடுநாளாக உண்டு. கலித்தொகையை 1887-ல் அச்சேற்றிய சி. வை. தாமோதரம் பிள்ளையவர்களும், தமிழ் வசனநடைக்கு உரமூட்டிய ஆறுமுக நாவலரவர்களும் (1822–1879) பிறந்த நாடன்றோ அது! யுத்தத்தால் 1990-ல் தடைப்பட்டு, 2014-ல் மீண்டும் யாழ்ப்பாணம் எட்டிய 'யாழ்தேவி' ரயிலிலே கொழும்பினின்று புறப்பட்டோம்.

நகரத்தில் நாம் முதற்கண் நாடியது பொது நூல்நிலையமே. 1933-ல் க. மு. செல்லப்பா என்னும் அன்பர் தம் இல்லத்தில் தொடங்கிய சிறு புத்தகசாலையே இதற்கு வித்து. பின்னர், சென்னைக் கட்டடக்கலைஞர் நரசிம்மன் வகுத்த அமைப்பின்படியும், நூலகக்கலை வல்லுநர் அரங்கநாதனவர்களின் ஆலோசனையோடும் எழுந்த மாளிகை 1959-ல் திறக்கப்பெற்றது. 1981-ம் வருஷம் மே 31 இரவு, போலீசாரும் அவரோடு கூடியவரும் அதற்குத் தீயிட்டனர். ஏறக்குறைய 97,000 நூல்களும் அரிய ஏட்டுச்சுவடிகளும் சாம்பராயின. பன்மொழிப் புலவரான தாவீது அடிகள் அத்தீயைக் கண்ணுற்ற அதிர்ச்சியால் உயிர் நீத்தார். ஒரு நூல்நிலையம் எரிந்ததற்காக மனிதர் மாய்வாரோ என்று வினவுவாருளர். அவர் தம் வாழ்நாளைச் சொல்லாராய்ச்சிக்கே ஈந்தவர் என்பதறிந்தால் அங்ஙனம் வினவார்.

இன்று அம்மாளிகை பழைய வடிவிலேயே வெண்ணிறமாய் நிற்கின்றது. முன்றிலிலே கலைமகள் வீற்றிருக்கின்றாள். நாம் சென்ற பொழுது பள்ளிப் பிள்ளைகள் பாதரக்ஷைகளைக் கழற்றிவைத்து உள்ளே சென்று படித்துக்கொண்டிருந்தனர். புதிய நூல்கள் நிறைய உள. சாம்பரானவற்றுள் வேறெங்கும் பிரதியில்லாதவை மீளுமாறில்லை.

அங்கிருந்து ஒஸ்மானியாக் கல்லூரி இருக்கும் சோனகர் தெருப்பக்கம் நடந்தோம். 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் இந்நகரத்து முஸ்லிம்களைச் சில மணி நேர அவகாசத்தில் வெளியேற்றினர். வந்து குடியேறினவர் சிலரே. புத்தளம் முதலிய இடங்களிலேயே பலர் தங்கிவிட்டனர். கூரையிழந்த சுவர்களில் ஆல் முளைத்த வீடுகள் அங்கே உள. தமிழரே தமிழ் பேசும் அயலாரைத் துரத்திய இச்செய்தியை மறைத்து, நூல்நிலையத்தின் துயரை மட்டும் எழுதுதல் நேர்மையன்று. 1968-ல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில், ஒடுக்கப்பட்ட மக்கள் வழிபடவொட்டாது தடுக்கப்பட்டதும் இந்நாட்டு வரலாறே. சாதியின் பேரால் கூடியிருக்கும் நம்போன்றார் இதனைப் படித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பிவிடலாகாது.

கோட்டையைப் பற்றி விரிக்கப் புகின் இவ்விதழ் போதாது. ஒல்லாந்தர் 1706-ல் உள்ளே கட்டிய சிலுவை வடிவக் கோயில் 1990-ம் ஆண்டின் போரில் இடிந்து கற்குவியலாயிற்று என்பதோடு நிறுத்துகின்றோம்.

திரும்பும் வழியில் நமக்கு ஓரெண்ணம் தோன்றிற்று. நாவலரவர்கள் சென்னையிலும் அச்சுக்கூடம் நிறுவிப் புத்தகம் வெளியிட்டவர். ஆதலின் அக்காலத்துப் பதிப்புகள் நம்மவர் இல்லங்களின் பழைய பெட்டிகளிலும் பரண்களிலும் கிடத்தல் கூடும். நமது அங்கத்தினர்கள் அவற்றைத் தேடியெடுத்து, நூற்பெயரும் பதிப்பாண்டும் குறித்துச் சங்கக் காரியாலயத்துக்கு எழுதுவார்களாக. புத்தகத்தைப் பிரிய மனமில்லாதார் பிரதியெடுத்துக்கொள்ள இசைந்தாலும் போதும். அதற்காகும் செலவைச் சங்கம் ஏற்கவேண்டுமென அடுத்த நிர்வாகக் கூட்டத்தில் பிரேரிப்போம்.