கரி இறங்கிய மலையும் களி ஏறிய வண்டியும்

பென்சில்வேனியாவின் மலைநாட்டைக் குறுக்கே கடந்து ஒஹையோ மாநிலத்தின் ஏரிக்கரை வரையில் செல்லும் சாலைகளில், மேப்பிள் மரங்கள் செம்மையும் பொன்னிறமுமாக மாறி நிற்கும் அக்டோபர் மாதத்தில், துணைக்கு ஒருவருமின்றித் தாமே காரோட்டிப் பிரயாணம் செய்கிறவர்களில் ஒரு விசேஷமான கூட்டத்தார் உண்டு. இலைகளின் நிறத்தைக் காண்பது அவர்களுக்கு உபரியான லாபம். ஊரூராக நின்று, அங்குள்ள பழைய கேளிக்கைப் பூங்காக்களில் ரோலர் கோஸ்டர் ஏறி இறங்குவதே அவர்களுடைய யாத்திரையின் நோக்கம். அவ்வழியே நானும் தனியே சென்றிருக்கிறேன். செல்லச் செல்ல என் மனத்தில் உறுதிப்பட்ட எண்ணம் ஒன்று உண்டு: சுரங்கத்திலும் உருக்காலையிலும் ரயில் பட்டறையிலும் உழைத்த ஜனங்களின் தொழிற்கருவியே அவர்களுடைய ஓய்வுநாளில் வேறு உருவம் எடுத்து இந்த வண்டியாக வந்தது என்பதுதான் அது.

ரஷ்யாவில் குளிர்காலத்தில் மரச்சாரம் கட்டி, அதன்மேல் நீரை ஊற்றி உறையச் செய்து, சறுக்கி விளையாடிய வழக்கமும், 1817ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்தார் சக்கர வண்டிகளைக் கொண்டு அதைப் பின்பற்றியதும் சரித்திர நூல்களில் முதலில் சொல்லப்படுபவை. அவை உண்மையே. ஆயினும் அமெரிக்க வண்டியின் பூர்விகத்தைத் தேடுபவர், லீஹை நதிப் பள்ளத்தாக்கில் மலைகளுக்கிடையே ஒடுங்கிக் கிடக்கும் ஜிம் தார்ப் என்னும் சிற்றூருக்குத்தான் போகவேண்டும். 1954 வரையில் மாக் சங்க் என்று வழங்கிய அவ்வூருக்கு மேலே, ஒன்பது மைல் தொலைவில், சம்மிட் ஹில் என்ற இடத்தில் நிலக்கரி வெட்டினார்கள். அதை நதிக்கரைப் படகுகளுக்குக் கொண்டுவரும் பொருட்டு, ஜோஸையா வைட் என்பவரை முதல்வராகக் கொண்ட ஒரு கம்பெனி, 1827ஆம் ஆண்டில் மலைச்சரிவில் இருப்புப்பாதை ஒன்று அமைத்தது. எஞ்சின் இல்லை. கரி நிறைந்த வண்டிகள் தம் பாரத்தாலேயே அரைமணி நேரத்துக்குள் கீழே இறங்கின. தடைக்கட்டையைப் பிடித்து வேகத்தை அடக்க ஓர் ஆள் கூடவே வந்தான். காலியான வண்டிகளைத் திரும்ப மேலே இழுத்துச் செல்லும் வேலை கோவேறு கழுதைகளுடையது. அதற்கு மூன்று நான்கு மணி நேரம் பிடித்தது.

அக்கழுதைகளின் கதை அங்கே இன்னும் சொல்லப்படுகிறது. கரிவண்டிகளின் பின்னே தனி வண்டிகளில் ஏற்றப்பட்டு, தீவனத்தைத் தின்றுகொண்டே அவை மலையிறங்கி வந்தன. அவ்வாறு சிலமுறை சவாரி செய்து பழகிய பின்னர், கீழ்நோக்கி நடக்கச் சொன்னால் ஓர் அடியும் எடுத்து வைக்க மறுத்து நின்றனவாம். புவியின் ஈர்ப்பினால் தானே ஓடும் வண்டியில் உட்கார்ந்திருப்பதன் சுகத்தை இந்தக் கண்டத்தில் முதலில் அறிந்துகொண்டவை அந்த வாயில்லாப் பிராணிகள் என்று சொல்வதில் தவறில்லை.

கரியின் தேவை பெருகவே, 1840களில் பிஸ்கா, ஜெபர்சன் என்னும் இரு குன்றுகளின் உச்சியில் நீராவி எஞ்சின்களை நிறுவி, காலி வண்டிகளைச் சாய்தளங்களின் வழியே மேலே இழுத்து, அங்கிருந்து மறுபடியும் தாமே ஓடிச் சுரங்கத்தை அடையும்படி பாதையைச் சுற்றாக்கினார்கள். இழுக்கும்போது பட்டை அறுந்தால் வண்டி பின்னோக்கி உருண்டுவிடாதபடி தடுப்பதற்குப் பற்கள் அமைந்த சட்டம் ஒன்று பாதையோரமாகப் பதிக்கப்பட்டது. அந்தப் பற்சட்டத்தைப் பின்னால் மறுபடியும் சந்திப்போம். 1872இல் மலையைக் குடைந்து ரயில் சுரங்கப்பாதை திறக்கப்பட்டதும் கரிக்கு இந்தப் பாதை வேண்டாததாயிற்று. அதன்பின் ஜனங்கள் அதில் கட்டணம் கொடுத்து ஏறினார்கள். அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக, 1933 வரையில், மலையழகைக் காண வந்தவர்களை அது சுமந்தது. பிறகு தண்டவாளங்கள் பழைய இரும்பாக விற்கப்பட்டன. இன்று பாதை இருந்த தடத்தில் சருகுகளை மிதித்துக்கொண்டு நடக்கலாம்.

லாமார்கஸ் தாம்சன் என்பவர் இந்த மாக் சங்க் பாதையைக் கண்டே தம் யோசனையைப் பெற்றார் என்று கூறுவர். காலுறை வியாபாரத்தில் பொருள் ஈட்டிய அவர், இளைஞர்கள் சாராயக் கடைகளிலும் கெட்ட சகவாசத்திலும் பொழுதைப் போக்குவதைக் கண்டு வருந்தி, நிர்த்தோஷமான பொழுதுபோக்கு ஒன்றை அவர்களுக்கு அளிக்க விரும்பினாராம். 1884ஆம் ஆண்டு நியூயார்க் நகரத்துக் கோனி ஐலண்டு கடற்கரையில் அவர் அமைத்த ஸ்விட்ச்பேக் ரயில்வே ஏறக்குறைய அறுநூறு அடி நீளமுள்ளது; மணிக்கு ஆறு மைல் வேகம்; கட்டணம் ஐந்து சென்ட். ஒரு கோபுரத்தின் படியேறி, கடலைப் பார்த்தவாறு பக்கவாட்டில் உட்கார்ந்து, அலையலையான பாதையில் மறுகோடி சென்று இறங்கவேண்டும். பணியாட்கள் வண்டியை மறு கோபுரத்தின் மேல் தள்ளியேற்றிய பின்னர், வேறு தடத்தில் திரும்பி வரவேண்டும். மனிதன் மெல்ல ஓடினாலே எட்டிவிடக் கூடிய அந்த வேகத்துக்காக ஜனங்கள் வரிசையில் காத்து நின்றார்கள்.

இதன் பிறகு இந்த விநோதம் நாடெங்கும் பரவியதற்குக் காரணம் டிராம் கம்பெனிகள். வேலைநாட்களில் ஆட்கள் நிறைந்து ஓடிய டிராம்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் வெறுமையாக ஓடின. ஆகவே தடம் முடியும் இடத்தில், ஊருக்கு வெளியே ஒரு சோலையை வாங்கி, பாட்டு மேடையும் நடனக் கூடமும் குடை ராட்டினமும் வைத்தால், ஜனங்கள் அதற்காகவே டிராம் ஏறுவார்கள் என்று கம்பெனியார் கணக்கிட்டனர். கணக்குப் பலித்தது. பென்சில்வேனியா ரயில்வேயின் பட்டறைகள் நிறைந்த அல்தூனா நகரத்தில் 1894இல் லேக்மான்ட் பூங்கா தோன்றியதும், பிட்ஸ்பர்க் நகரத்துக்கு அருகில் 1898இல் கென்னிவுட் தோன்றியதும் இவ்வகையில்தான்.

கென்னிவுட்டைப் பற்றிச் சற்று விஸ்தாரமாகச் சொல்லவேண்டும். மோனங்ககேலா நதியின் மேட்டுக்கரையில் அது அமைந்திருக்கிறது. எதிர்க்கரையில், ஆண்ட்ரூ கார்னெகி 1875இல் தொடங்கிய எட்கர் தாம்சன் உருக்காலை இன்னும் புகை கக்கிக்கொண்டு நிற்கிறது. கிழக்கு ஐரோப்பாவிலிருந்தும் இத்தாலியிலிருந்தும் பிழைப்புத் தேடி வந்து அவ்வுலைகளில் வெந்த தொழிலாளிகள், ஆண்டுக்கு ஒருநாள் குடும்பத்தோடும் கூடைச் சோற்றோடும் இங்கே வந்து, தத்தம் தேசத்துப் பாட்டும் கூத்துமாகக் கழித்தார்கள். ஸ்லோவாக்கியர் தினம் 1920களிலேயே தொடங்கிவிட்டது. பூங்காவுக்குள் ஆற்றுச்சரிவின் பள்ளங்கள் பல இருந்தன. அவற்றை மண்ணிட்டு நிரப்பாமல், பள்ளத்தையே பாதையாக்கிக் கொண்டார் ஜான் மில்லர் என்ற நிர்மாணக்காரர். அவர் 1920இல் அமைத்த ஜாக் ராபிட் வண்டி நிலையத்தை விட்டுப் புறப்பட்டவுடன் ஏறுவதில்லை. நேரே பள்ளத்தில் இறங்குகிறது. ஓட்டத்தின் பிற்பகுதியில், ஒரே இறக்கம் இடையில் மடிந்து இரண்டாகும் இடத்தில், கடைசி வரிசையில் இருப்பவர் ஆசனத்தை விட்டு முழுதும் மேலெழும்பி விடுகிறார். 1927இல் அங்கே அமைந்த ரேசர் என்பதோ அருகருகே இரண்டு வண்டிகள் பந்தயம் ஓடுவது; இரண்டு தடங்களும் உண்மையில் ஒரே நீண்ட தடமாகையால், இடப்புறம் ஏறியவர் வலப்புறம் வந்து இறங்குவார். தனியே வந்த பிரயாணி அங்கே தனியனாக இருப்பதில்லை; வண்டிகள் நெருங்கும் இடத்தில் முன்பின் அறியாத ஒருவர் அடுத்த வண்டியிலிருந்து கையை நீட்டுகிறார்.

மில்லரின் கைவண்ணத்தைக் கண்ணால் மட்டுமன்றிக் காதாலும் அறியலாம். சங்கிலி வண்டியை மேட்டில் இழுக்கும்போது கேட்கும் ‘டக்டக்’ ஓசை சங்கிலியின் ஓசை என்றே பலரும் எண்ணுகிறார்கள். வண்டியின் அடியில் தொங்கும் இரும்பு நா ஒன்று பாதையிலுள்ள பற்களின் மேல் ஒவ்வொன்றாக ஏறி விழும் ஓசை அது. தேர்ச்சக்கரத்தின் பின்னே முட்டுக்கட்டை கொடுப்பவனைப் போல, சங்கிலி அறுந்தாலும் வண்டி ஒரு சாணும் பின்வாங்காதபடி அது காத்து நிற்கிறது. மாக் சங்கின் பற்சட்டம்தான் இது. அதைச் செம்மைப்படுத்திக் கோஸ்டருக்கு உரியதாக்கியவர் மில்லர். அதனினும் பெரியது அவர் 1919இல் உரிமை பெற்ற அடிச்சக்கரம். தண்டவாளத்தின் கீழ்ப்புறத்தைப் பற்றி ஓடும் சக்கரம் ஒன்றை வண்டிக்குப் பொருத்தியதால், எவ்வளவு வேகத்தில் மேட்டைக் கடந்தாலும் வண்டி தடத்தை விட்டு எழமுடியாததாயிற்று. செங்குத்தான இறக்கங்களும் துணிச்சலான வளைவுகளும் அதன் பிறகே சாத்தியமாயின. 1927இல் கோனி ஐலண்டில் எண்பத்தைந்து அடி உயரத்தில் எழுந்த சைக்ளோன் முதலாக, அந்தப் பத்தாண்டின் பெரிய வண்டிகளெல்லாம் இந்தச் சிறு சக்கரத்துக்குக் கடன்பட்டவை.

ஆனால் அந்தச் சோலைகளின் கதவு எல்லாருக்கும் திறந்திருக்கவில்லை. இதை விட்டுவிட்டு இச்சரித்திரத்தை எழுதுவது தர்மமாகாது. வாஷிங்டனுக்கு அருகே பொடோமாக் நதிக்கரையிலிருந்த கிளென் எக்கோ பூங்காவில் கறுப்பினத்தாருக்கு அனுமதி இல்லை. 1960ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் தேதி, ஹாவர்டு பல்கலைக்கழக மாணவர்கள் சிலர் பூங்காவுக்குள் சென்று, குடை ராட்டினத்தின் மரக்குதிரைகள் மீது அமைதியாக அமர்ந்தார்கள், இறங்கச் சொன்னபோது மறுத்தார்கள், கைது செய்யப்பட்டார்கள். கோடைகாலம் முழுவதும் வாசலில் மறியல் நடந்தது. அடுத்த ஆண்டு கதவு திறந்தது. கைதானவர்களின் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று, 1964இல் அவர்களுக்குச் சாதகமாகவே முடிந்தது. பால்டிமோர் நகரத்துக் குவின் ஓக் பூங்காவும் மறியலுக்கும் பல கைதுகளுக்கும் பின்னர், 1963 ஆகஸ்ட் 28 அன்று, வாஷிங்டனில் மார்ட்டின் லூதர் கிங் பேசிய அதே நாளில், கறுப்பினக் குழந்தை ஒன்றை முதன்முதலாக ராட்டினத்தில் ஏற்றிக்கொண்டது. ஒரு குழந்தை மரக்குதிரையில் ஏறுவதற்கு இத்தனை பேர் சிறை செல்ல வேண்டியிருந்ததை நினைக்க, இன்றும் நெஞ்சு கனக்கிறது.

1930களின் பொருளாதார வீழ்ச்சியும், யுத்தமும், டிராமைக் கொன்ற மோட்டார் காரும் சேர்ந்து இப்பூங்காக்களை ஒன்றன்பின் ஒன்றாக மூடின. மரவண்டிகளுக்குத் தீயும் ஒரு சத்துரு. யங்ஸ்டவுன் நகரத்து ஐடோரா பூங்கா 1984இல் தீப்பற்றி, அவ்வாண்டோடு முடிந்தது. கிளீவ்லந்துக்கு அருகே ஜியாகா ஏரிக்கரையில் மில்லர் 1925இல் அமைத்த பிக் டிப்பர், 2007இல் பூங்கா மூடப்பட்ட பின்னர் பல ஆண்டுகள் ஓடாமல் நின்று, 2016இல் இடிக்கப்பட்டது.

மறுமலர்ச்சி 1972இல் ஒஹையோவின் தென்பகுதியில் தொடங்கியது. சின்சினாட்டிக்கு அருகே புதிதாக எழுந்த கிங்ஸ் ஐலண்டு பூங்காவுக்காக ஜான் ஆலன் அமைத்த ரேசர், மரவண்டியின் மீது ஜனங்களுக்கிருந்த அபிமானம் மாண்டு போகவில்லை என்று காட்டிற்று. 1979இல் அதே பூங்காவின் காட்டுப் பகுதியில், 7,359 அடி நீளத்தில், தி பீஸ்ட் எழுந்தது. அதன் கட்டட வேலையை மேற்பார்த்த சார்லஸ் டின் என்பவர், சில ஆண்டுகளுக்குப் பின் வேறொரு அரிய காரியத்தை ஏற்றுக்கொண்டார். டெக்ஸாஸ் மாநிலத்து ஸான் அன்டோனியோ நகரில், 1940களின் பிற்பகுதியில் கட்டப்பட்ட ராக்கெட் என்ற மரவண்டி, பூங்கா மூடிக் கேட்பாரற்று நின்றது. பென்சில்வேனியாவின் கரிநாட்டில், எலிஸ்பர்க் ஊரருகே, 1926 முதல் ஒரே குடும்பத்தார் நடத்திவரும் கனோபல்ஸ் பூங்கா அதை விலைக்கு வாங்கியது. வரைபடங்கள் இல்லாமையால், மரங்களைப் பிரிக்கும்போதே துண்டு துண்டாக அடையாளமிட்டு, லாரிகளில் ஏற்றி, பாதி தேசம் கடந்து கொண்டுவந்து, அந்த அடையாளங்களைப் பார்த்தே மீண்டும் கட்டினார்கள். 1985 ஜூன் மாதத்தில் பீனிக்ஸ் என்ற புதுப்பெயரோடு அது ஓடத் தொடங்கியது. நுழைவுக் கட்டணம் வாங்காத அப்பூங்காவில், நிலக்கரிச் சுரங்கத் தொழிலைப் பற்றிய ஒரு காட்சிசாலையும் இருக்கிறது. கரி வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் அங்கே தம் பாட்டனாரின் விளக்கையும் தலைக்கவசத்தையும் ஒத்தவற்றைப் பார்த்துவிட்டு, பீனிக்ஸ் ஏறப் போகிறார்கள்.

பீனிக்ஸ் உயிர்பெற்ற அதே 1985இல், அல்தூனாவின் லேக்மான்ட் பூங்காவில் லீப் தி டிப்ஸ் நின்றுபோனது. 1902இல் கட்டப்பட்ட அது, உலகத்தில் எஞ்சி நிற்கும் ரோலர் கோஸ்டர்களில் மிகப் பழமையானது. நாற்பத்தோரு அடி உயரம். மில்லரின் கண்டுபிடிப்புக்கு முற்பட்டதாகையால் அடிச்சக்கரம் கிடையாது. இடுப்புப் பட்டையும் இல்லை. பக்கவாட்டுப் பலகைகளில் உராய்ந்து உராய்ந்து, மரப்பெட்டி போன்ற அந்த வண்டி தன் வழியைக் கண்டுகொள்ளும். அன்பர்கள் திரட்டிய பொருளால் தச்சர்கள் மக்கிய மரத்தை மாற்றிப் புதுப்பிக்க, 1999இல் மறுபடியும் ஓடியது. அதன்பின் ஓடிய ஆண்டுகளும் உண்டு; பூங்கா திறவாத ஆண்டுகளும் உண்டு. தேசியச் சரித்திரச் சின்னம் என்ற விருது அதற்கு 1996இலேயே கிடைத்துவிட்டது. அந்த விருது மழையைத் தடுப்பதில்லை, பலகையை மாற்றுவதுமில்லை.

இலையுதிர் காலத்தில் இவற்றைக் காணப் போகிறவர், இயன்றால் காலையிலும் மாலையிலுமாக இரண்டு வேளை ஏறவேண்டும். காலைக் குளிரில் அச்சுகளின் மசகு இறுகியிருப்பதால் வண்டி சோம்பலாக ஓடும். பகலெல்லாம் ஓடிச் சூடேறிய பின், மாலையில் அதே வண்டி வேறொரு வேகம் கொள்ளும். காலையில் பூங்கா திறக்குமுன் சென்றால், சுத்தியலும் திருகுசாவியும் ஏந்திய தச்சர்கள் தடத்தின் ஓரப்பலகையில் அடிமேல் அடிவைத்து நடந்து, தளர்ந்த ஆணியையும் விரிந்த பலகையையும் பார்த்துச் செல்வதை வேலிக்கு வெளியிலிருந்தே காணலாம். அக்டோபர் முடிந்ததும் வண்டிகள் கழற்றப்பட்டுப் பட்டறைக்குப் போகும். சக்கரமும் அச்சும் விரிசலுக்காகச் சோதிக்கப்படும். தடத்தின் ஒரு பகுதியில் தேய்ந்த பலகையடுக்குகளைப் பெயர்த்துப் புதியவற்றை அடிப்பார்கள். வசந்தத்தில் முதலில் ஏறுவது மனிதரல்லர். நீர் நிறைத்த பொம்மைகளையோ மணல் மூட்டைகளையோ ஏற்றி, வண்டியைப் பலமுறை ஓடவிட்டுப் பார்த்த பிறகே கதவைத் திறக்கிறார்கள்.