ஏட்டில் இல்லாத புள்ளி

ஓலைச்சுவடி ஒன்றை முதன்முதலாகக் கையிலெடுக்கும் இக்கால மாணவன் வியப்பினும் திகைப்பையே மிகுதியாக அடைவான். எழுத்துகள் பல அவனுக்குத் தெரிந்தவையே. ஆயினும் சொல் புலப்படாது. எங்கே ஒரு சொல் முடிகிறது, எங்கே அடுத்தது தொடங்குகிறது என்பதற்கு ஏட்டில் அடையாளம் இல்லை. பாட்டும் உரையும்கூட ஒரே ஓட்டமாய்ச் செல்லும். கண் பார்க்கிறது, ஆனால் படிக்கவில்லை. கண்ணுக்கும் நினைவுக்கும் உள்ள உறவைத் தமிழ் எழுத்தின் வரலாறு போலத் தெளிவாகக் காட்டும் சான்று வேறு உண்டோ என்பது ஐயமே.

ஒரு சிறு சொல்லைக் கொண்டு இதனை விளக்கலாம். ஏடுகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடும் வழக்கம் இல்லை. எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் வரிவடிவ வேறுபாடு இல்லை, கொம்பு ஒன்றே. நெடிலைக் காட்டும் காலும் ரகரமும் ஒரே உருவம். ஆகவே கொம்பு, ககரம், கால் என்னும் மூன்று வடிவங்களை அடுத்தடுத்துக் கண்டவர் அவற்றைக் கொ, கோ, கெர, கெர், கேர, கேர் என ஆறு வகையாகப் படிக்கலாம். அதனையடுத்து ஒரு லகரம் வந்தால் கொல், கோல், கோலம் என்பதன் முற்பகுதியாகிய கோல என்று மீண்டும் கிளைகள் பிரியும். எது சரி என்பதை அந்த இடத்திலேயே கண்ணால் முடிவு செய்ய இயலாது. படிப்பவர் பல வாசிப்புகளை மனத்தில் நிறுத்திக்கொண்டு மேலே சில எழுத்துகளைப் பார்த்துத் திரும்பி வந்து ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

தமிழர்க்குப் புள்ளி தெரியாமல் இல்லை. மெய்யெழுத்தும், எகர ஒகரமும் புள்ளி பெறும் எனத் தொல்காப்பியம் விதிக்கிறது. எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஏடு பொத்தலாகிக் கிழியும் என்ற அச்சத்தால் அது கைவிடப்பட்டது என்பர். ஏகார ஓகாரங்களுக்குத் தனி வடிவம் தந்து இக்குழப்பத்தில் ஒரு பகுதியைத் தீர்த்த பெருமை இத்தாலி நாட்டிலிருந்து வந்த வீரமாமுனிவரைச் (1680–1747) சாரும்.

அவ்வாறாயின் முன்னோர் எங்ஙனம் படித்தனர்? விடை திண்ணைப் பள்ளியில் உள்ளது. அங்கே மாணவன் மணலில் எழுதிப் பழகினான். நிகண்டும் எண்சுவடியும் நீதிநூல்களும் வாய்விட்டுச் சொல்லி மனப்பாடமாயின. அவன் ஏட்டைத் திறந்தபோது நூல் பெரும்பாலும் அவன் நெஞ்சில் முன்னரே இருந்தது. ஏடு நினைவைத் தூண்டும் கருவியே. தெரியாத பாட்டாயினும் யாப்பு கைகொடுத்தது. சீரும் தளையும் தெரிந்தவன் இடைவெளியில்லாத வரியைச் சீர்களாக வெட்டிக்கொள்வான். எதுகையும் மோனையும் ஐயம் எழும் இடத்தில் வழிகாட்டும். செய்யுளணிகளை அழகுக்கென்று மட்டும் கற்பிப்பது முழு உண்மையாகாது.

இதற்கு இருபதாம் நூற்றாண்டு உளவியல் நல்ல விளக்கம் தந்துள்ளது. 1956இல் ஜார்ஜ் மில்லர் என்னும் அமெரிக்க அறிஞர், மனிதர் உடனடி நினைவில் ஏறத்தாழ ஏழு கூறுகளையே நிறுத்த முடியும் என்றார். அக்கூறு தனி எழுத்தாகவும் இருக்கலாம், ஒரு முழுச்சொல்லாகவும் இருக்கலாம் என்பதே அவர் கருத்தின் உயிர்நாடி. 1960இல் ஜார்ஜ் ஸ்பெர்லிங் பன்னிரண்டு எழுத்துகளை மூன்று வரிசையாக ஒரு நொடியில் இருபதில் ஒரு பங்கு நேரமே காட்டினார். பார்த்தவர்கள் நான்கைந்து எழுத்துகளையே சொன்னார்கள். ஆனால் எழுத்துகள் மறைந்தவுடன் ஓர் ஒலிக்குறியால் எந்த வரிசை வேண்டும் என்று உணர்த்தியபோது, எந்த வரிசையைக் கேட்டாலும் அதன் பெரும்பகுதியைச் சொல்ல முடிந்தது. கண் முழுவதையும் வாங்கிக்கொண்டது. எடுத்துச் சொல்வதற்குள் அது கரைந்துவிட்டது! கண் தருவதை நினைவு எத்துணைப் பெரிய கூறுகளாக அள்ளுகிறதோ அத்துணையே மிஞ்சும். புலவர் சீர் சீராக அள்ளினார். மாணவன் எழுத்தெழுத்தாக அள்ளித் தவிக்கிறான்.

நூல் நினைவிலிருந்து நீங்கினால் என்னாகும் என்பதை உ.வே.சாமிநாதையர் (1855–1942) கண்டார். 1880இல் கும்பகோணத்தில் சேலம் இராமசாமி முதலியார் அவரைச் சீவக சிந்தாமணியின்பால் திருப்பினார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பயின்ற அவர்க்கே அந்நூல் பிடிபடவில்லை. எழுத்தறிவு குறைந்ததாலன்று, அந்நூலைப் பாடமாகக் கேட்கும் மரபு அவர் பயின்ற வட்டத்தில் அற்றுப்போயிருந்தது. சைன அன்பர்களை நாடி, அவர்கள் மரபில் நிலைத்திருந்த செய்திகளைக் கேட்டறிந்த பின்னரே ஏடு பேசத் தொடங்கியது. பதிப்பு 1887இல் வெளிவந்தது.

அச்சு நினைவின் சுமையைக் கண்ணுக்கு மாற்றியது. புள்ளி வந்தது, ஆறுமுக நாவலர் போன்றோர் நிறுத்தக்குறிகளைப் பரப்பினர், 1950களில் மர்ரே எஸ். ராஜம் சந்தி பிரித்த பதிப்புகளை வழங்கினார். 1978இல் தமிழ்நாட்டரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தம் ணா, றா, னா, லை முதலிய பதின்மூன்று எழுத்துகளின் விதிவிலக்கு வடிவங்களை நீக்கியது. ஆனால் கொம்பை எவரும் அகற்றவில்லை. பின்னர் ஒலிப்பதை முன்னர்க் காட்டும் அக்குறி இன்றும் நினைவிடம் கடன் கேட்கிறது.

சிகாமட் வட்டாரத்துத் தமிழ்ப்பள்ளியில் ஏழு வயதுக் குழந்தை இக்கடனைச் செலுத்துவதைக் காணலாம். இரப்பரும், 1909இல் நிறைவுற்ற ஜொகூர் இருப்புப்பாதையும் வளர்த்த ஊர் அது. அக்குழந்தை தமிழோடு மலாயும் ஆங்கிலமும் ஒருங்கே பயில்கிறது. ‘சிகாமட்’ என்பது உரோமன் எழுத்தில் ஏழு, தமிழில் நான்கே. ஏழும் ஒலியின் வரிசையிலேயே நிற்கும். ‘ஜொகூர்’ என்பதன் தமிழ் வடிவம் அவ்வாறன்று. கரும்பலகையைப் பார்த்து எழுதும் குழந்தை ஒரு பார்வைக்கு ஒரு வடிவமாக எடுத்து வருகிறது. கொம்பை எழுதுகிறது, தலைநிமிர்ந்து ஜகரத்தைக் கண்டு எழுதுகிறது, மீண்டும் நிமிரும்போது கண் ககரத்தில் விழுகிறது. கால் விடுபட்டு ‘ஜெகூர்’ ஆகிறது. அருகில் இருக்கும் மற்றொரு குழந்தை சொல்லை ஒருமுறை மெல்ல ஒலித்துக்கொண்டு, தலை நிமிராமலே முழுவதையும் எழுதி முடிக்கிறது. முதற்குழந்தையின் ஏட்டில் எழுத்துப்பிழை எனச் சிவப்பு மையால் குறிக்கப்படுவது, ஒரு சொல்லை நான்கு பார்வைகளாகத் துண்டித்ததன் தழும்பேயாகும்.