லுக்லா: ரெண்டாவது வாய்ப்பு தராத ஓடுதளம்

எவரெஸ்ட் ஏறியவர்களின் கதையை எல்லோரும் எங்கேயாவது படித்திருப்போம். ஆனால் மலை ஏறுவதற்கு முன்னாலேயே தாண்ட வேண்டிய கண்டம் ஒன்று இருக்கிறது. அதுதான் லுக்லா. நேபாளத்தில், சுமார் 2,845 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஒரு சின்ன கிராமம். அங்கே மலைச்சரிவிலேயே ஒரு விமான ஓடுதளம். "உலகத்திலேயே ஆபத்தான ஏர்போர்ட்"ன்னு யார் பட்டியல் போட்டாலும் இந்தப் பேர் தவறாமல் வந்துவிடும். எனக்கென்னவோ அந்தப் பட்டத்தை விட, அந்த ஓடுதளம் அங்கே வந்த கதைதான் பெரிசாகத் தெரிகிறது.

1953 மே 29-ல் டென்சிங் நார்கேயும் எட்மண்ட் ஹிலாரியும் உச்சியைத் தொட்டார்கள். அந்தக் குழு காட்மாண்டு பக்கம் இருந்து மலையடிவாரத்துக்குப் போனது நடராஜா சர்வீஸ்தான் :-) ரெண்டு வாரத்துக்கும் மேல் நடை. சாமான் முழுக்க சுமைதூக்கிகளின் முதுகில்.

பேரும் புகழும் வந்த பிறகும் ஹிலாரி ஷெர்பா மக்களை மறக்கவில்லை. 1961-ல் கும்ஜுங்கில் பள்ளிக்கூடம் கட்டிக் கொடுத்தார். அடுத்து குண்டேயில் ஆஸ்பத்திரி கட்டத் திட்டம். கட்டட சாமான், மருந்து எல்லாவற்றையும் ரெண்டு வாரம் முதுகில் சுமந்து வந்தால் எப்போ கட்டி முடிப்பது? பக்கத்தில் விமானம் இறங்க ஒரு இடம் வேண்டும்.

முதலில் அவர் மனசில் இருந்தது சமமான விளைநிலம். விவசாயிகள் தர மாட்டோம்னு சொல்லிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியுமா? அந்த மலைநாட்டில் சமமான வயல் கிடைப்பதே அபூர்வம். அதையும் விமானத்துக்குக் கொடுத்துவிட்டு எதைச் சாப்பிடுவது? கடைசியில் கிடைத்தது லுக்லாவின் சரிவான நிலம். 1964-ல் ஊர்க்காரர்களே வெட்டி, நிரவி ஓடுதளம் போட்டார்கள். மண் இறுகவில்லை என்பதால் ஷெர்பாக்களுக்கு உள்ளூர் மதுவை ஊற்றிக் கொடுத்து, கைகோத்துக் காலை உதைத்து ஆடும் அவர்களுடைய நடனத்தையே ஆடவிட்டு நிலத்தைக் கெட்டிப்படுத்தினார்களாம்! ரோடு ரோலர் இல்லாத ஊரில் மனுஷக் கால்தான் ரோலர். தார் போட்டது 2001-ல்தான்.

சரி, இதில் ஆபத்து எங்கே இருக்கு?

ஓடுதளத்தின் நீளம் 527 மீட்டர். பெரிய ஜெட் விமானங்களுக்கு ரெண்டாயிரம் மீட்டருக்கு மேல் வேண்டியிருக்கும். சரிவு கிட்டத்தட்ட 12 சதவீதம். அதாவது இந்த முனைக்கும் அந்த முனைக்கும் உயர வித்தியாசம் மட்டும் அறுபது மீட்டர். சுமார் இருபது மாடிக் கட்டடம்! கீழ் முனையில் பள்ளத்தாக்கு, மேல் முனையில் மலை. அதனால் இறங்குவது எப்பவும் மேடு நோக்கி, கிளம்புவது எப்பவும் பள்ளம் நோக்கி. மேடு பிரேக்குக்கு உதவும், பள்ளம் வேகத்துக்கு உதவும். அந்த வகையில் இந்தச் சரிவு ஒரு வரம்தான்.

ஆனால் அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தை விடக் கால்வாசி குறைவு. அதே தூக்குவிசை கிடைக்க விமானம் இன்னும் வேகமாக வந்தாக வேண்டும். அது போதாதென்று கண்ணும் ஏமாற்றும். மேடான ஓடுதளத்தை நோக்கி வரும்போது, நாம் ரொம்ப உயரத்தில் வருகிறோம் என்று பைலட்டுக்குத் தோன்றும். அதை நம்பி இன்னும் தாழ்ந்தால் போச்சு. சாதாரண ஏர்போர்ட்டில் சரியாக வரவில்லை என்றால் மேலே எழும்பி, ஒரு சுற்று சுற்றிவிட்டு மறுபடி வரலாம். இங்கே ஒரு கட்டத்தைத் தாண்டினால் எதிரில் மலைதான்.

2008 அக்டோபர் 8. டிரெக்கிங் சீசன் சூடு பிடித்திருந்த நேரம். எட்டி ஏர்லைன்ஸின் ட்வின் ஆட்டர் ஒன்று காட்மாண்டுவில் இருந்து 16 பயணிகள், 3 ஊழியர்களோடு வந்தது. இறங்கும் நேரத்தில் பனிமூட்டம் ஓடுதளத்தை மூடிக்கொண்டது. மேகத்துக்குள் வழிகாட்டி இறக்கும் கருவி எதுவும் அங்கே கிடையாது, கண்ணால் பார்த்துத்தான் இறங்கணும். விமானம் தாழ்வாக வந்து, ஓடுதளத்துக்குச் சற்று முன்னால் மோதித் தீப்பிடித்தது. 18 பேர் இறந்தார்கள். பிழைத்தது கேப்டன் ஒருவர் மட்டும். ஓடுதளத்துக்கு டென்சிங்-ஹிலாரி பேரை வைத்ததும், ஹிலாரி காலமானதும் அதே வருஷம்தான்.

2017 மே 27-ல் கிட்டத்தட்ட அதே கதை. மேகமூட்டத்தில் இறங்க வந்த ஒரு சரக்கு விமானம் ஓடுதள மட்டத்துக்குக் கீழே மோதி, ரெண்டு பைலட்டுகளும் இறந்தார்கள். 2019 ஏப்ரலில் கிளம்பும்போது விலகிய ஒரு விமானம் ஹெலிகாப்டர் மேல் மோதி மூன்று பேர் பலி.

ஹிலாரியின் சொந்த வாழ்க்கையையும் ஒரு சின்ன விமானம்தான் புரட்டிப் போட்டது. 1975 மார்ச் 31. அவர் பாப்லு என்கிற ஊரில் இன்னொரு ஆஸ்பத்திரி கட்டும் வேலையில் இருந்தார். அவரைப் பார்க்க மனைவி லூயிஸும் 16 வயசு மகள் பெலிண்டாவும் காட்மாண்டுவில் விமானம் ஏறினார்கள். கிளம்பின கொஞ்ச நேரத்திலேயே அது விழுந்துவிட்டது. மலைக்காரர்களுக்காக ஓடுதளம் போட்ட மனுஷருக்கு இப்படி ஒரு சேதி! அதற்குப் பிறகும் அவர் அந்த ஜனங்களை விட்டுப் போகவில்லை. கடைசி வரை அவர்களுக்காகப் பணம் திரட்டிக்கொண்டும் கட்டிக்கொண்டும்தான் இருந்தார்.

அப்போ லுக்லா தப்பா? எனக்கு அப்படிச் சொல்ல மனசு வரவில்லை. ரெண்டு வார நடையை அது அரைமணி நேரப் பயணமாக்கியது. அந்த வழியாக வந்த மருந்தில் பிழைத்தவர்களும் இருப்பார்கள், இல்லீங்களா? அந்த ஓடுதளத்துக்கு ஒரே ஒரு நிபந்தனைதான்: கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் வராதே. அதனால்தான் அங்கே விமானங்கள் பெரும்பாலும் காலையிலேயே பறக்கின்றன. மேகம் ஏறிவிட்டால் நாள் கணக்கில் கூட நிற்க வேண்டியிருக்கும்.

டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு "இன்னிக்கும் கேன்சலா?"ன்னு அலுத்துக்கொள்வது சுலபம். அங்கே போகிற எண்ணம் உங்களில் யாருக்காவது இருந்தால் நாலு நாள் கூடுதலாக லீவு போட்டுக்கொண்டு போங்கள். பறக்க வேண்டாம்னு முடிவெடுக்கிற பைலட்டை மட்டும் திட்டாதீர்கள்.