மாரிக்குப்பம் - தண்டவாளம் முடியும் ஊர்

பங்காரப்பேட்டையில் கிளை பிரியும் ரயில் பாதையில் கோரமண்டல், உரிகம், சாம்பியன், கடைசியாக மாரிக்குப்பம் என்று வரும். சுரங்கங்களின் பெயரே ஸ்டேஷன்களுக்கும். கோலார் தங்கவயல் இதுதான். கர்நாடகத்தில் இருந்தாலும் தெருவில் கேட்பது தமிழ்.

நான் படித்தது பிரெஞ்சு மீடியம். 1885ல் புத்தகமாக வந்த எமில் ஸோலாவின் 'ழெர்மினால்' நாவலில் நிலக்கரித் தொழிலாளர் குடியிருப்புக்கு ஊர்ப்பெயர் கிடையாது, இருநூற்று நாற்பது என்ற எண்தான். அதே 1880களில் லண்டனின் ஜான் டெய்லர் கம்பெனி இங்கே தோண்டிக்கொண்டிருந்தது. மேற்பார்வைக்கு இங்கிலாந்தின் கார்ன்வாலிலிருந்து ஆட்கள் வந்தார்கள். அங்கே தகரச் சுரங்கங்கள் நொடித்திருந்தன. குழிக்குள் இறங்கியவர்களில் பெரும்பாலோர் வட ஆற்காடு, சேலம் பக்கத்துத் தமிழர்கள். துரைகளுக்குத் தோட்டத்தோடு பங்களா, இவர்களுக்கு லைன் வீடு.

1902லேயே சிவசமுத்திரம் அருவியிலிருந்து இங்கே மின்சாரம் வந்துவிட்டது. பெங்களூருக்கு வந்தது அதன் பிறகுதான். விளக்கு முதலில் எரிந்தது ஊருக்காக அல்ல, தங்கத்துக்காக! சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போயிற்று. அடியில் பாறையின் சூடு 60 டிகிரிக்கு மேல். குற்றாலச் சாரலில் உட்கார்ந்துகொண்டு அதைக் கற்பனை செய்யவே முடியவில்லை. ஆழத்தில் பாறை வெடித்தால் மேலே வீடுகள் குலுங்கும்.

ஆனால் இந்த ஊரைப் பற்றி முக்கியமாகச் சொல்ல வேண்டியது வேறு. வந்தவர்களில் மிகப் பலர் தாழ்த்தப்பட்ட மக்கள். சொந்த கிராமத்தில் பண்ணையாரிடம் நெல்லுக்கு உழைத்தவர்கள் கையில் இங்கே சம்பளம் காசாக வந்தது. அந்தக் காசு என்ன செய்தது தெரியுமா? பண்டிதர் அயோத்திதாசரின் சாக்கிய பௌத்த சங்கத்துக்கு மாரிக்குப்பத்தில் கிளை வந்தது. அவர் காலமான பின் நின்றுபோன 'தமிழன்' பத்திரிகையை, 1920களில் ஜி. அப்பாதுரையார் தங்கவயலிலிருந்து மறுபடி நடத்தினார். அவருடைய எழுத்துகள் இங்கே அச்சாயின. பகலில் குழிக்குள் இறங்கியவர்கள் மேலே வந்து புத்தகம் போட்டிருக்கிறார்கள். தங்கத்தின் கணக்கு எழுதியவர்கள் இதை ஏனோ எழுதுவதில்லை.

2001 பிப்ரவரி 28ல் சுரங்கத்தை மூடினார்கள். மாதம் பிறந்தால் பென்ஷன் வாங்கிப் பழகிய எனக்கு, ஒரு ஊரின் சம்பளமே நின்றுபோவதை நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது. தங்கம் பிரித்த கழிவு மண், சயனைடு மேடாகக் குன்று குன்றாகக் கிடக்கிறது. காற்றடித்தால் தூசி வீட்டுக்குள் வரும். ஜனங்கள் போகவில்லை. போக எந்த ஊர் இருக்கிறது? நாலு தலைமுறை ஆகிவிட்டதே.

இப்போது விடியுமுன் எழுந்து பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள், ராத்திரிதான் திரும்புகிறார்கள். மாரிக்குப்பத்துக்காரர்களுக்கு ஒரு சௌகரியம். வண்டி அங்கிருந்தே புறப்படுவதால் உட்கார இடம் கிடைக்கும்.