மணிமுத்தாற்றுப் பொன்னும் பல் மருத்துவர் தேர்வும்

விருத்தாசலம் திருமுதுகுன்றமாக இருந்த காலத்துக் கதை இது. இங்கே சுந்தரருக்குப் பன்னிரண்டாயிரம் பொன் கிடைத்தது. அதை மணிமுத்தாற்றில் போட்டுவிட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்துக்கொள்ளச் சொன்னார் இறைவன். ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடிய கதை எல்லாருக்கும் தெரியும். அதன் பின்பாதியைத்தான் பலர் சொல்வதில்லை. சுந்தரர் புறப்படும்போதே அந்தப் பொன்னில் ஒரு துண்டை வெட்டி மச்சமாக, அதாவது மாதிரியாக, வைத்துக்கொண்டார். குளத்தில் எடுத்த பொன்னை அதோடு உரைத்துப் பார்த்தபோது மாற்றுக் குறைந்தது. மறுபடி பாடிய பிறகே சரியாயிற்று. திருவாரூரில் மாற்றுரைத்த பிள்ளையார் இன்றும் இருக்கிறார்.

பி.டி.எஸ். பட்டத்தோடு லண்டனில் இறங்குகிறவர் பாடும் இதுதான். ஓர் ஊரில் பெற்றதை இன்னோர் ஊர் உரைத்துப் பார்க்காமல் ஏற்காது. ஆனால் பல் மருத்துவத்தில் இந்த வழக்கம் வந்து ஒன்றரை நூற்றாண்டுதான் ஆகிறது. அதற்கு முன் கையில் தொழில் இருந்தால் போதும், கடல் கடந்தும் கடை போடலாம்.

அப்படிப் போட்டவர்களில் ஒருவரை விருத்தாசலத்துக்காரர்கள் தெரிந்துவைத்துக்கொள்ளலாம். இந்த ஊரின் செராமிக் பேட்டையில் பொம்மை செய்கிறவர்கள் களிமண் கரைசலைப் பிளாஸ்டர் அச்சில் ஊற்றுவார்கள். அச்சு நீரை உறிஞ்ச, சுவரில் மண் ஒட்டிக்கொள்ளும். மிச்சத்தைக் கவிழ்த்து ஊற்றிவிடுவார்கள். காயும்போதும் வேகும்போதும் உருப்படி சுருங்கும் என்பதால் அச்சையே கொஞ்சம் பெரிதாகச் செய்வது வழக்கம். 1774 வாக்கில் பாரிஸில் துஷாத்தோ என்ற மருந்துக் கடைக்காரர், நாற்றமடித்த தன் தந்தப் பல்செட்டுக்குப் பதிலாகப் பீங்கானில் ஒன்று செய்யப் பார்த்துத் திண்டாடியது இந்தச் சுருக்கத்தில்தான். அவரோடு சேர்ந்து முறையைத் திருத்திய துபுவா த ஷெமான், பிரெஞ்சுப் புரட்சியின்போது லண்டனுக்குப் போய் அங்கே பீங்கான் பல் விற்றார். பீங்கான் கலவை வெட்ஜ்வுட் ஆலையிலிருந்து வந்தது. எந்தத் தேர்வும் அவரை மறிக்கவில்லை, ஏனென்றால் தேர்வு என்று ஒன்று இருக்கவில்லை.

பிரிட்டன் பல் மருத்துவர்களுக்குப் பதிவேடு தொடங்கியது 1878 சட்டத்தால். பதிவு இல்லாதவர் தொழிலே செய்யக் கூடாது என்றாக 1921 வரை பொறுக்க வேண்டியிருந்தது.

இந்தியக் கதை இன்னும் சுவையானது. நாட்டின் முதல் பல் மருத்துவக் கல்லூரியைத் தொடங்கிய ரஃபியுதீன் அகமதுவே வெளிநாட்டில் படித்து வந்தவர். அமெரிக்காவின் அயோவாவில் 1915இல் பட்டம் பெற்றார்; 1920இல் கல்கத்தாவில் கல்லூரி திறந்தார். அதற்குப் பணம் திரட்ட அவர் நடத்தியது ஒரு சோடாக் கடை, பெயர் நியூயார்க் சோடா ஃபவுன்டன்! அவரது அமெரிக்கப் பட்டத்தை உரைத்துப் பார்க்க இங்கே யாருமில்லை. அந்தக் குறையை நீக்கப் பாடுபட்டவரும் அவரே. 1939இல் வங்காளச் சட்டம் வந்தது. 1948இல் நாடு முழுமைக்குமான சட்டம். அடுத்த ஆண்டு இந்திய பல் மருத்துவக் கவுன்சில்.

1948 சட்டம் பதிவேட்டை இரண்டாகப் பிரித்தது. பட்டதாரிகள் 'ஏ' பகுதியில். பட்டமில்லாமல் ஏற்கெனவே பல வருடமாக அதையே பிழைப்பாகக் கொண்டிருந்தவர்கள் 'பி' பகுதியில். சென்னையிலும் கல்கத்தாவிலும் 'சைனீஸ் டென்டிஸ்ட்' என்று போர்டு மாட்டியிருந்த குடும்பங்கள், சீனாவின் ஹூபே பகுதியிலிருந்து வந்து அப்பாவிடம் மகன் கற்ற கைத்தொழிலாக இதைச் செய்தவை. அனுபவம் பட்டத்துக்கு ஈடாக நின்ற கடைசிக் காலம் அது.

பிறகு கல்லூரிகள் பெருகின. 1953இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பல் மருத்துவப் பிரிவு வந்தது. 1980இல் அண்ணாமலை நகரில் ராஜா முத்தையா பல் மருத்துவக் கல்லூரி வந்தது. விருத்தாசலம் பிள்ளைகளுக்குச் சொந்த மாவட்டத்திலேயே பி.டி.எஸ். படிக்க வழி பிறந்தது. படித்தவர்களில் ஒரு பகுதி வெளிநாட்டைப் பார்த்தது இயல்பு.

பிரிட்டன் போகிறவருக்கு 2007 முதல் 'ஓ.ஆர்.இ.' தேர்வு. முதல் பகுதி கணினியில் எழுதுவது. இரண்டாம் பகுதியில்தான் கை நடுங்கும். பொம்மைத் தலைக்குள் பிளாஸ்டிக் பற்கள். ஒரு பல்லைக் குடையும்போது பக்கத்துப் பல்லில் கீறல் விழுந்தால் அதுவும் கணக்கில் வரும். அடுத்த அறையில் நடிகர் ஒருவர் நோயாளியாக உட்கார்ந்திருப்பார். பல்லைப் பிடுங்க வேண்டும் என்பதை அவர் மிரளாமல் புரிந்துகொள்ளும்படி ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். உள்ளூரில் ஆயிரம் பல் பிடுங்கியவரும் இங்கே தடுமாறலாம்.

இதுவரை நியாயம்தான். வாயைத் திறந்து காட்டுகிற நோயாளிக்கு டாக்டரின் கையைச் சோதிக்கத் தெரியாது. அவருக்காக யாராவது சோதித்துத்தான் ஆக வேண்டும். அநியாயம் வரிசையில் இருக்கிறது. கொரோனாவில் 2020இல் நின்ற தேர்வு 2022இல்தான் மீண்டது. முதல் முயற்சியிலிருந்து ஐந்து வருடத்துக்குள் முடிக்க வேண்டும் என்ற விதி மட்டும் நிற்காமல் ஓடியது. தேர்வே நடக்காத காலத்துக்கு ஈடுகட்டச் சட்டம் 2023இல் வந்தது. இரண்டாம் பகுதிக்குக் கட்டணம் நாலாயிரம் பவுண்டைத் தாண்டிய பிறகும் இடம் கிடைப்பது குதிரைக் கொம்பு. அதுவரை பல் மருத்துவர் பல் மருத்துவராக வேலை பார்க்க முடியாமல், கிளினிக்கில் உதவியாளராகக் காலம் தள்ளுவதும் உண்டு. பல் மருத்துவர் போதவில்லை என்று புலம்புகிற நாடு இதைச் செய்வது விந்தை.

நாமும் சளைத்தவர்களல்ல. வெளிநாட்டில் பல் மருத்துவம் படித்துத் திரும்புகிற நம் பிள்ளைகளுக்கு 2009 விதிகளின்படி தகுதித் தேர்வு இருக்கிறது. 1948 சட்டத்துக்கு மாற்றாக இயற்றப்பட்ட 2023ஆம் ஆண்டின் தேசிய பல் மருத்துவ ஆணையச் சட்டம் இன்னொரு படி போகிறது: உள்ளூரில் படித்தவர், வெளியில் படித்தவர் இருவருக்கும் ஒரே 'நெக்ஸ்ட்' தேர்வு. பிள்ளையை வெளிநாட்டில் பல் மருத்துவம் படிக்க அனுப்ப நினைக்கும் பெற்றோர், கல்லூரிக் கட்டணத்தை விசாரிப்பதற்கு முன்னால் இந்தத் தேர்வின் விதிகளை ஒருமுறை படித்துவிடுவது நல்லது.