ஆடித் திருவாதிரையும் ஒரு ஜியாமெட்ரி பாக்ஸும்

கொஞ்சம் நீளமான பதிவு. ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு நிதானமாகப் படியுங்கள். பாதியில் எழுந்து போகிறவர்களை இப்போது பெஞ்சு மேல் ஏற்ற முடியாது, அந்தத் தைரியம் உங்களுக்கு இருக்கும் என்று தெரியும்.

2025 ஜூலை 23 முதல் 27 வரை நம் கங்கைகொண்ட சோழபுரம் எப்படி இருந்தது என்று வெளியூரில் இருப்பவர்கள் டிவியில் பார்த்திருப்பீர்கள். ராஜேந்திர சோழனின் பிறந்தநாளான ஆடித் திருவாதிரை, கடாரப் படையெடுப்பின் ஆயிரமாவது ஆண்டு, இரண்டும் சேர்ந்து வந்தன. மாநில அரசின் விழா ஒரு பக்கம், மத்திய அரசின் விழா ஒரு பக்கம். கடைசி நாள் பிரதமர் வந்தார், ராஜேந்திரன் பெயரில் நாணயம் வெளியிட்டார், இளையராஜாவின் இசை நிகழ்ச்சி நடந்தது. எனக்குக் கூட்டம் ஆகாது, முட்டியும் ஒத்துழைப்பதில்லை. அதனால் முன்னதாகவே ஒரு நாள் பேத்தியை அழைத்துக்கொண்டு போய்வந்தேன்.

பிறந்தநாள் பற்றி ஒரு திருத்தம் சொல்லிவிடுகிறேன். உங்களில் மூத்தவர்களுக்கு நான் மார்கழித் திருவாதிரை என்றுதான் சொல்லிக்கொடுத்தேன். அப்போது அப்படித்தான் எழுதியிருந்தார்கள். திருவாரூர்க் கோயில் கல்வெட்டில் மகனுக்கு ஆடித் திருவாதிரை, தந்தை ராஜராஜனுக்கு ஐப்பசி சதயம் என்று இருக்கிறது. அதை வைத்துத்தான் நம் ஊர்க்காரர்கள் சிலர் விடாமல் ஆடியில் கொண்டாட ஆரம்பித்தார்கள். 2014-இல் அரியணை ஏறிய ஆயிரமாவது ஆண்டு விழாவையும் எடுத்தார்கள். பிறகுதான் அரசு விழா ஆனது. ஆகவே மார்கழி என்று எழுதி என்னிடம் முழு மதிப்பெண் வாங்கியவர்கள் மனசாட்சிப்படி ஒரு மார்க் குறைத்துக்கொள்ளலாம்.

கோயில் புல்வெளியில் பேத்தி அட்டைக் கிரீடம் வைத்துக்கொண்டு ஓடினாள். தொல்லியல் துறை வைத்திருந்த கண்காட்சிப் பலகைகளை நான் படித்துச் சொல்லச் சொல்ல, இரண்டாவது பலகையிலேயே அவளுக்குப் பசி வந்துவிட்டது. ஆனால் வெளியே வரும்போது ஒன்று கேட்டாள். "பாட்டி, இது சாமி வீடு. ராஜா வீடு எங்கே?"

வாடி என்று ஆட்டோ பிடித்து மாளிகைமேட்டுக்குப் போனேன். கோயிலிலிருந்து தென்மேற்கே சுமார் 2 கிலோமீட்டர். விழாவுக்கு வந்த அவ்வளவு கூட்டத்தில் அந்த நேரம் அங்கே இருந்தது நாங்கள் இருவர், ஆட்டோக்காரத் தம்பி, இரண்டு ஆடுகள். தோண்டி வெளிப்பட்ட செங்கல் அடித்தளங்கள் வெயிலில் கிடந்தன. பேத்தி சுற்றிப் பார்த்துவிட்டு, "ராஜா வீட்டுக்கு மேலே ஒண்ணுமே இல்லையா?" என்றாள்.

ஒன்றுமே இல்லைதான். சுமார் 250 ஆண்டுகள் சோழர்களின் தலைநகராக இருந்த ஊர் இது. கல்வெட்டுகளில் இங்கிருந்த அரண்மனைக்குச் சோழகேரளன் திருமாளிகை என்றெல்லாம் பெயர் வருகிறது. கல்லில் கட்டிய கோயில் நின்றது, செங்கல்லும் மரமும் கொண்டு கட்டிய அரண்மனை மேடாகிப் போனது. 1980-இல் மாநிலத் தொல்லியல் துறை தோண்ட ஆரம்பித்தபோதுதான் தடித்த செங்கல் சுவர்கள், மரத்தூண்களைத் தாங்கிய கருங்கல் அடிப்பீடங்கள், கூரைக்குப் போட்ட சிறு தட்டோடுகள், இரும்பு ஆணிகள், வளையல் துண்டுகள், சீனப் பாண்டத்தின் உடைசல்கள் எல்லாம் வெளியே வந்தன. 2021 முதல் மறுபடியும் அகழாய்வு நடத்தினார்கள்.

சுற்றியுள்ள ஊர்ப் பெயர்களை வகுப்பில் நாம் எத்தனை முறை சொல்லிப் பார்த்திருக்கிறோம்! உட்கோட்டை, ஆயுதக்களம், மெய்க்காவல்புத்தூர், சுண்ணாம்புக்குழி, கடாரங்கொண்டான். கோட்டைக்குள் இருந்தவர்கள், ஆயுதம் வைத்திருந்த இடம், மெய்க்காவலர் குடியிருப்பு, கட்டடத்துக்குச் சுண்ணாம்பு தயாரித்த இடம் என்று ஊர் ஊராக அர்த்தம் சொல்வோம். பாடப்புத்தகத்தில் இல்லாத அந்தப் பாடத்துக்குத்தான் எல்லாரும் வாய் திறந்து பதில் சொன்னீர்கள்.

இனி நான் எழுத வந்த விஷயம். நாற்பது வருஷமாக யாரிடமும் சொல்லாதது.

1983-இல் நம் பள்ளியில் ஒரு வரலாற்றுக் கண்காட்சி வைத்தேன். அப்போது நாமெல்லாம் திருச்சி மாவட்டம். பெரம்பலூர் மாவட்டம் பிரிந்தது 1995-இல், அரியலூர் இப்போதைய மாவட்டமாக ஆனது 2007-இல். எனக்கு வேலைக்குச் சேர்ந்த புதுசு, உற்சாகம் அதிகம். "யார் ரொம்பப் பழைய பொருள் கொண்டுவருகிறீர்களோ அவர்களுக்கு ஒரு ஜியாமெட்ரி பாக்ஸ் பரிசு" என்று அறிவித்துவிட்டேன். அந்தக் காலத்தில் நம் பிள்ளைகளுக்கு ஜியாமெட்ரி பாக்ஸ் என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியும்.

ஒரு வாரத்தில் ஆசிரியர் அறையில் கால் வைக்க இடமில்லை. தாத்தாவின் வெற்றிலைப் பெட்டி, ஓட்டைக் காசு, மரக்கால், படி. அவற்றோடு கூடவே கோணிப்பையில் செங்கல்கள், ஓட்டுத் துண்டுகள், துருப்பிடித்த ஆணிகள், வளையல் துண்டுகள். எங்கே கிடைத்தது என்று கேட்டால், "கொல்லையில டீச்சர்", "மேட்டுல டீச்சர்" என்றார்கள். அதற்குமேல் நான் கேட்கவில்லை. உட்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பையன், பச்சையும் நீலமும் கலந்த மாதிரி வழவழவென்று மின்னிய ஒரு சில்லு கொண்டுவந்தான். உள்ளங்கை அளவுகூட இருக்காது. அவனுக்குத்தான் பரிசு கொடுத்தேன். மேடையில் எல்லாரும் கைதட்டினார்கள்.

கண்காட்சி நன்றாக நடந்தது. பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் வந்து பார்த்தார்கள். ஒரு அட்டையில் "சோழர் காலப் பொருட்கள்" என்று சிவப்பு மையில் எழுதி ஒட்டியிருந்தேன். அவ்வளவுதான் எழுதியிருந்தேன்.

அடுத்த வருஷம் அகழாய்வில் வேலை பார்த்த ஒருவரிடம் பெருமையாக இதைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. குழிக்குப் பக்கத்தில் கூட்டிப்போய்க் காட்டினார். நூல் கட்டிச் சதுரம் சதுரமாகப் பிரித்திருந்தார்கள். குழியின் பக்கச் சுவரில் மண் அடுக்குகள் நிறம் மாறி மாறித் தெரிந்தன. ஒரு சில்லு எடுத்தால் எந்தக் குழி, எந்த அடுக்கு, எவ்வளவு ஆழம், பக்கத்தில் வேறு என்ன இருந்தது என்று எழுதி ஒரு பொட்டலத்தில் போட்டார்கள். "அந்தப் பையன் கொண்டுவந்தது சீனப் பாண்டமா இருக்கலாம் மேடம். எந்த இடத்துல எடுத்தான்? தரைமேல கிடந்துச்சா, தோண்டினானா?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. அரண்மனையின் எந்தப் பகுதியில் அந்தப் பாண்டம் புழங்கியது, சோழர் காலத்து மண்ணிலா அல்லது பிற்காலத்தில் கொட்டிய குப்பையிலா என்பதெல்லாம் அந்த ஒரு பதிலில் இருந்தது. சீனம் வரை நீண்ட கடல் வாணிபத்துக்குச் சாட்சியாக வேண்டிய பொருளை நான் மேஜை அலங்காரம் ஆக்கிவிட்டேன்.

ஊருக்குத் திரும்பிப் போகும்போது பஸ்ஸில் இன்னொன்றும் உறைத்தது. பரிசு என்று சொல்லி அறுபது பிள்ளைகளை நானேதான் மேட்டைக் கிளற அனுப்பியிருக்கிறேன்.

அந்தப் பொருட்களை ஒரு மரப்பெட்டியில் போட்டுப் பெஞ்சுக்கு அடியில் வைத்தோம். எனக்கு மாற்றலாகிவிட்டது. பிறகு கட்டடம் இடித்துக் கட்டியபோது பெட்டி போன இடம் தெரியவில்லை.

நான் மட்டும் இல்லை என்று சமாதானம் சொல்லிக்கொள்ள இந்த ஊரில் நிறையக் காரணம் கிடைக்கும். எங்கள் தாத்தா வீட்டுத் திண்ணைச் சுவரிலேயே அகலமான தட்டைச் செங்கல்கள் இருந்தன. சின்னக் குழந்தையாக அதில் முதுகை ஒட்டிக்கொண்டு தூங்கியிருக்கிறேன், நல்ல குளிர்ச்சி. ஏழைக் குடியானவன் மேட்டில் நாலு செங்கல் எடுத்தான். 1836-இல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டிய வெள்ளைக்காரர்கள் கோயிலின் பெரிய மதிலைப் பிரித்துக் கருங்கல்லை எடுத்துப் போனார்கள். ஊர்மக்கள் தடுக்கப் பார்த்தார்கள், தண்டனைதான் கிடைத்தது. கல்லுக்குப் பதில் செங்கல் மதில் கட்டித்தருவதாகச் சொன்னார்கள், அந்த வாக்கும் சரியாக நிறைவேறவில்லை. இருபது ஆண்டுகூட ஆவதற்குள் வந்த ஒரு ஆங்கில கெஜட்டியரே இதை வருத்தத்தோடு பதிவு செய்திருக்கிறது. அணைக்கரைப் பாலத்தில் பஸ்ஸில் போகும்போதெல்லாம் எனக்கு அந்த மதில் ஞாபகம் வரும். ஆனால் அந்த அணைத் தண்ணீரில்தான் எத்தனையோ பேர் வயலும் விளைகிறது. இதில் யாரை முழுசாகக் குறை சொல்வது என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

பெரம்பலூர்ப் பக்கத்து மாணவர்கள் சாத்தனூர் சுற்றுலாவை நினைத்துப் பாருங்கள். அந்தக் கல்மரம், சுமார் 12 கோடி ஆண்டுப் பழசு, 18 மீட்டர் நீளம். 1940-இல் புவியியல் ஆய்வாளர் எம். எஸ். கிருஷ்ணன் கண்டறிந்தார். அதை யாரும் துண்டு போட்டு மேஜைமேல் வைக்கவில்லை. அது கிடக்கும் இடத்திலேயே நாம் போய்ப் பார்க்கிறோம், அதனால்தான் இங்கே ஒரு காலத்தில் கடல் இருந்தது என்று சொன்னால் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகூட நம்புகிறது.

விழா வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ளாதீர்கள். விழா இல்லாவிட்டால் என் பேத்தி அந்தக் கேள்வியையே கேட்டிருக்க மாட்டாள். 1983-இல் அந்தப் பையன் கண்ணில் பார்த்த வெளிச்சத்தையும் நான் மறக்கவில்லை. என் குறை, எல்லாம் கோயில் வாசலோடு நின்றுவிடுகிறது என்பதுதான். கிரீடம் வைத்த ராஜாவைப் பார்க்கிறோம், ஓடு சுட்டவனையும் ஏரிக்கரைக்கு மண் சுமந்தவளையும் பார்ப்பதில்லை.

இங்கிலாந்தில் ஹாம்ப்ஷயர் பக்கம் பட்சர் என்று ஒரு பண்ணை, 1970களிலிருந்து நடக்கிறது. அகழாய்வில் கிடைத்த தூண்குழிகளின் அளவை வைத்துக்கொண்டு பழங்கால வட்ட வீடுகளை அதே மாதிரி கட்டிப் பார்க்கிறார்கள். கூரை நிற்கிறதா, மழை தாங்குகிறதா, எத்தனை வருஷம் வரும் என்று பார்க்கிறார்கள். ஜனங்கள் வந்து அவர்களும் கை வைக்கிறார்கள். பழைய பொருள் எதையும் தொடவேண்டியதில்லை.

நம்மால் முடியாதா? மாளிகைமேட்டுத் தட்டோடுகள் ஒன்றின்மேல் ஒன்றாக வரிசை வரிசையாய்ப் பாவியவை. நம் பக்கத்து வயசான கொத்தனார்கள் மெட்ராஸ் தளம் போடும்போது தட்டோடு பதித்ததும் ஏறக்குறைய அந்த வேலைதான். மரச்சட்டம், சுண்ணாம்பு, கடுக்காய்த் தண்ணீர், வெல்லம். அவர்களில் கை நடுங்காமல் இருப்பவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அடுத்த ஆடித் திருவாதிரைக்குப் பத்தடிக்குப் பத்தடி ஒரு கூரை, மேட்டுக்கு வெளியே, புது மண்ணில் சுட்ட ஓட்டில், பிள்ளைகள் கண்முன் போட்டால் ராஜா வீட்டுக்கு மேலே என்ன இருந்தது என்று என் பேத்திக்குத் தெரிந்துவிடும்.

பொன்னேரி என்று நாம் கூப்பிடும் சோழகங்கத்தின் கரையில் ஒரு நடையும் போகலாம். கங்கை வெற்றிக்கு ராஜேந்திரன் எழுப்பிய நீர்மயமான வெற்றித்தூண் என்று திருவாலங்காட்டுச் செப்பேடு சொல்லும் ஏரி அது. கரை மட்டும் 16 மைல் என்று வெள்ளைக்காரன் எழுதி வைத்திருக்கிறான். அதைச் சீரமைக்கவும் இங்கே அருங்காட்சியகம் கட்டவும் மாநில அரசு பணம் ஒதுக்கியிருக்கிறது, சந்தோஷம். கொத்தனார் செலவுக்கு என் பென்ஷனில் ஒரு பங்கு தருகிறேன். ஜெயங்கொண்டத்தில் இருக்கும் பழைய மாணவர்கள் முறைப்படி அனுமதி கேட்டு எழுதும் வேலையை எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு வேலையும் இருக்கிறது. உங்கள் வீட்டுப் பரணிலோ, பூஜை அலமாரியிலோ மேட்டில் எடுத்த ஓடு, மணி, காசு, சில்லு ஏதாவது இருந்தால் என்னிடம் சொல்லுங்கள். விலை கேட்டு யாரிடமும் காட்டாதீர்கள். 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி மண்ணில் கிடைத்த பழம்பொருள் பத்து ரூபாய் பெறும் என்றாலே மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். பயப்பட வேண்டாம், நானும் கூட வருகிறேன். கொண்டுபோவதற்கு முன்னால் ஒரு தாளில் எழுதி வையுங்கள்: எந்தக் கொல்லை, எந்த மூலை, கிணறு வெட்டும்போதா உழும்போதா, எத்தனை அடி ஆழம், யார் எடுத்தது. பெரியவர்கள் உயிரோடு இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள்.

உட்கோட்டைப் பக்கத்துத் தம்பி, உனக்கு இப்போது ஐம்பத்தைந்து வயது இருக்கும். உன் பெயரை இங்கே போடவில்லை, படித்தால் உனக்கே தெரியும். ஜியாமெட்ரி பாக்ஸ் வாங்கியது நீதான். அந்தச் சில்லை நீ எங்கே எடுத்தாய், தோண்டினாயா, மழைக்குப் பிறகு மேலே கிடந்ததா, ஞாபகம் இருந்தால் டீச்சருக்கு ஒரு வரி எழுது.