பிபி மாத்திரைக்கும் கொரோனாவுக்கும் என்ன சம்பந்தம்? மாகறல் அப்பாக்களுக்காக ஒரு விளக்கம்!

தமிழ்நாட்டின் முதல் கொரோனா நோயாளி, ஓமனிலிருந்து திரும்பிய காஞ்சிபுரத்துக்காரர். 2020 மார்ச் 7-ல் தொற்று உறுதியானது. வயது 45. குணமாகி வீடு திரும்பிவிட்டார். அதே மாதம் 25-ம் தேதி மதுரை ராஜாஜி மருத்துவமனையில் 54 வயதுக்காரர் ஒருவர் இறந்தார். மாநிலத்தின் முதல் கொரோனா மரணம். கட்டுக்குள் வராத சர்க்கரை, ரத்த அழுத்தம், நுரையீரல் நோய் மூன்றும் அவருக்கு இருந்ததாக அப்போதைய அமைச்சர் விஜயபாஸ்கர் தெரிவித்தார்.

ரெண்டு பேரை வெச்சு முடிவு கட்ட முடியாதுதான். ஆனா, தமிழ்நாடு, ஆந்திரா தரவுகளை ஆராய்ந்து அதே ஆண்டு 'சயின்ஸ்' இதழில் வந்த ஆய்வும் இதையேதான் காட்டியது. இறந்தவர்களில் 63% பேருக்கு ஏதாவது ஓர் இணைநோய். சர்க்கரை 45%, உயர் ரத்த அழுத்தம் 36%, இதய ரத்தக்குழாய் நோய் 12%. வயது கூடினால் இந்த நோய்களும் கூடும் என்பதால், வயதின் பங்கும் இதில் கலந்தே இருக்கு.

ஏன் இப்படி? கொரோனா வெறும் நுரையீரல் நோய் இல்லை. வைரஸ் உள்ளே நுழையப் பயன்படுத்தும் 'ஏ.சி.இ 2' என்ற புரதம் இதயத்திலும் ரத்தக்குழாயிலும் உண்டு. உடல் முழுக்க வீக்கம் பரவும்போது ரத்தம் எளிதில் உறையும். ஆக்சிஜன் குறைய, இதயம் வேகமாக அடிக்க வேண்டியிருக்கும். பல வருஷ பிபி, சர்க்கரையால் ஏற்கெனவே தடித்துப்போன குழாய்கள் இந்தச் சுமையைத் தாங்காது. தீவிர நோயாளிகளுக்குக் கொடுக்கும் ஸ்டீராய்டு சர்க்கரையை இன்னும் ஏற்றிவிடும் என்பது தனித் தலைவலி.

இந்த 'ஏ.சி.இ' பெயரால் ஒரு பீதியும் கிளம்பியது. சில பிபி மாத்திரைகள் கொரோனாவை மோசமாக்கும் என்று 2020-ல் பேச்சு பரவ, ஐரோப்பிய இதயவியல் சங்கம் அந்த மார்ச்சிலேயே 'நிறுத்தாதீர்கள்' என்றது. பிறகு பிரேசிலில் 659 நோயாளிகளிடம் சோதித்துப் பார்த்தார்கள். மாத்திரையை நிறுத்தியதால் எந்த லாபமும் இல்லை. ஆகவே, வாட்ஸ்அப் பார்த்துட்டு நீங்களா நிறுத்தாதீங்க.

மாகறல் பக்கம் தறிக்குழியில் காலை விட்டு நாள் முழுக்க உட்காரும் அப்பாவிடம் பிபி எவ்வளவுன்னு கேட்டுப் பாருங்க. "எனக்கென்னப்பா, நல்லாத்தானே இருக்கேன்" என்பார். பெரும்பாலும் அறிகுறியே காட்டாத நோய் அது. 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிபி, சர்க்கரை பார்த்து மாத்திரையும் தர்றாங்க.

தொற்று சரியான பிறகும் கொஞ்சம் கவனம் தேவை. சுமார் 1.5 லட்சம் அமெரிக்க முன்னாள் ராணுவத்தினரைக் கவனித்த 2022 ஆய்வில், தொற்று வராதவர்களைவிட இவர்களுக்கு அடுத்த ஓராண்டில் மாரடைப்பு அபாயம் 63% கூடுதல். லேசாக வந்து போனவர்களிடமும் இதய பாதிப்புகள் கூடியிருந்தன. நெஞ்சு இறுக்கம், படியேறினால் மூச்சு வாங்குவது, காரணமில்லாத படபடப்பு என்றால், 'கேஸ் டிரபிள்'னு சோடா குடிச்சுட்டு படுக்காம அன்னைக்கே ஈ.சி.ஜி எடுத்துடுங்க.